காற்றாலைப் பொறியாளர்களுக்கு ஹாம்பர்க்கில் நம் ஊர் ஆட்கள் மட்டும் போதுமா?

பிப்ரவரி 11, 2024 – கேள்வி

ராதாபுரம் பக்கம் சில வருடங்கள் காற்றாலைப் பராமரிப்பில் இருந்துவிட்டு, இப்போது ஹாம்பர்க்கில் முதுகலை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். லிங்க்ட்இன்னில் நூற்றுக்கணக்கில் தொடர்புகள் உண்டு, ஒருவரும் பதில் போடுவதில்லை. தமிழ் வாட்ஸப் குழுக்களில்தான் வீடு கிடைத்தது, பழைய சைக்கிள் கிடைத்தது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தது. அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்தாலே வேலையும் கிடைத்துவிடும். கண்காட்சி, மாநாடு என்று காசைக் கொட்ட வேண்டியதில்லை. இங்கே பல வருடங்களாக இருக்கும் அண்ணன்மார் என்ன சொல்கிறீர்கள்?

பிப்ரவரி 11, இரவு

கண்காட்சிச் செலவைப் பிறகு பார்க்கலாம். ‘நம் ஆட்கள் போதும்’ என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது.

2018ல் வட ஜெர்மனியில் டர்பைன் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். இந்தியப் பொறியாளர்கள் நிறையப் பேர், அதில் தமிழர்கள் மட்டும் ஒரு மேஜை நிறைய. மதியச் சாப்பாடு, வார இறுதி, பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் ஒன்றாகத்தான். ஆட்குறைப்பு வந்தபோது அந்த மேஜையில் பாதிப் பேருக்கு ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. குழுவில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்வி: எங்காவது ஆள் எடுக்கிறார்களா? பதில் சொல்ல யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தோம், கிளையே முறிந்துவிட்டது.

எனக்கு வழி காட்டியது ஓர் ஈரானியப் பெண்மணி. எங்களோடு சுமைக் கணக்கீட்டில் இருந்து, டர்பைன் தரத்துக்கு உட்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் சான்றளிப்பு வேலைக்கு முன்பே மாறிப் போனவர். டவர் அதிர்வு பற்றி அவர் ஒருமுறை கேட்ட கேள்விக்கு நான் அளவீட்டுத் தரவோடு உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தேன், அதை நினைவில் வைத்திருந்தார். அவர் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. எந்தப் பிரிவுக்கு யார் தலைவர், அந்தத் தலைவருக்கு இப்போது என்ன குடைச்சல், என் பழைய வேலையில் எதை முன்னால் வைக்க வேண்டும் என்று சொன்னார். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

பிப்ரவரி 13

‘அது உங்கள் துரதிர்ஷ்டம், எல்லோருக்கும் அப்படி நடக்குமா’ என்று கேட்டிருக்கிறார்கள். இந்தத் துறையின் பிழைப்பே அரசாங்கக் கொள்கையை நம்பித்தான் இருக்கிறது. கொள்கை மாறினால் ஊரே சேர்ந்து விழும்.

ஜெர்மனியில் 2017ல் நிலத்தில் நிறுவிய காற்றாலைத் திறன் 5,000 மெகாவாட்டுக்கும் மேல். 2019ல் அது சுமார் 1,000. இரண்டே வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மின்சாரத்துக்கு அரசு நிர்ணயித்த நிலையான கட்டணத்திலிருந்து, குறைந்த விலை கேட்பவருக்குத் திட்டம் போகும் ஏல முறைக்கு மாறியது அந்த 2017ல்தான். முதல் வருட ஏலங்களில் பெரும்பங்கை ‘குடிமக்கள் ஆற்றல் நிறுவனம்’ என்ற பெயரில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அவர்களுக்கு இரண்டு சலுகை: அனுமதி கையில் இல்லாமலே ஏலம் கேட்கலாம், மற்றவர்களுக்கு 30 மாதம் என்றால் அவர்களுக்கு 54 மாதம் அவகாசம். வென்றதில் பல திட்டங்கள் எழும்பவே இல்லை. அனுமதி கொடுப்பதும் அதே காலத்தில் இழுத்தடித்தது. ஆர்டர் இல்லாமல் தொழிற்சாலை என்ன செய்யும்?

சூரிய மின்சாரக்காரர்கள் இதை முன்பே அனுபவித்துவிட்டார்கள். 2012ல் ஒரே வருடத்தில் 7,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிய நாடு, 2014ல் 2,000க்கும் கீழே போனது. ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய சோலார் செல் உற்பத்தியாளராக இருந்த கியூ-செல்ஸ் 2012 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. பிட்டர்ஃபெல்ட் பக்கத்தில் தால்ஹைம் என்கிற சிறிய ஊரைச் சுற்றி இருந்த ‘சோலார் பள்ளத்தாக்கு’ முழுக்க ஆட்டம் கண்டது. அங்கே வேலையிழந்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிந்திருந்து என்ன பயன்? அவரும் வீட்டில்தான் இருந்தார்.

உள்ளூர்க்காரர் இப்படி விழுந்தால் சொந்த ஊரில் கொஞ்ச நாள் சமாளிப்பார். நம் தங்கும் அனுமதியே வேலையோடு கட்டியிருக்கிறது.

பிப்ரவரி 14

‘அப்படியானால் யாரைத் தெரிந்திருக்க வேண்டும்?’ டர்பைன் செய்கிறவர், திட்டம் போட்டு நிலமும் அனுமதியும் வாங்குகிறவர், மின்தொகுப்பு நடத்துகிறவர், சான்றளிக்கிறவர், காப்பீட்டுக்காக மதிப்பீடு செய்கிறவர், பல்கலைக்கழகத்தில் இருப்பவர் என்று பிரித்துப் பாருங்கள். ஒரு வகை படுக்கும்போது இன்னொன்று பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். புதுக் காற்றாலை எழாத வருடத்திலும் பழைய காற்றாலைக்கு ஆயுள் நீட்டிப்பு ஆய்வு நடந்தாக வேண்டும்.

ஹாம்பர்க்கின் வசதி, இவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் இருப்பதுதான். டர்பைன் செய்கிறவர்களில் நார்டெக்ஸ் தலைமையகம் இங்கே, வெஸ்டாஸுக்கும் சீமன்ஸ் கமேசாவுக்கும் அலுவலகம் இங்கே. 1867ல் கப்பல்களைத் தரம் பார்ப்பதற்காக இந்த ஊரில் தொடங்கிய ஜெர்மானிஷர் லாய்ட்தான் பிறகு காற்றாலைச் சான்றளிப்பில் பெரிய பெயரானது. 2013ல் அது நார்வேயின் சான்றளிப்பு நிறுவனமான டிஎன்வியோடு இணைந்தது.

மார்ச் 2

ஜெர்மன் மொழி இல்லாமல் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யாரோடு பழகப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டர்பைன் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் ஆங்கிலம் போதும். எதிரே உட்கார்ந்திருப்பவர் டென்மார்க்கிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வந்திருப்பார், அவருக்கும் அதுதான் பொதுமொழி. திட்டம் போடும் நிறுவனத்தில் கதை வேறு. இங்கே 50 மீட்டரைத் தாண்டும் எந்தக் காற்றாலைக்கும் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வாங்க வேண்டும். சத்தம், நிழல் விழுதல், வௌவால், செங்கழுகு என்று ஆயிரம் பக்கம் போகும் கோப்பு, ஒரு வரி விடாமல் ஜெர்மனில். ஊர்க்கூட்டத்தில் விவசாயி எழுந்து கேட்கும்போது மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அந்த வட்டத்துக்குள் போக விரும்பினால் ஜெர்மன் மொழித் தேர்ச்சியில் பி2 நிலை இருந்தே ஆக வேண்டும், அதற்கடுத்த சி1 என்றால் நிம்மதி.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. பராமரிப்பு வேலைக்கு வருபவர்களுக்கும் ஜெர்மன் அவசியம். ஆங்கிலத்தில் சமாளிக்கலாம் என்று யாரும் நம்பிவிடாதீர்கள். 100 மீட்டர் உயரத்தில், காற்று இரைச்சலில், ‘கயிற்றைத் தளர்த்து’ என்பதற்கும் ‘பிடி’ என்பதற்கும் வித்தியாசம் காதில் விழுந்த உடனே புரிய வேண்டும். உயர வேலை, தீ, முதலுதவி என்று உலகக் காற்றாலை நிறுவனங்களின் அமைப்பான ஜிடபிள்யூஓவின் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஊரிலேயே வாங்கியிருந்தால் இங்கும் செல்லும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தேதியைப் பாருங்கள். அந்தப் பயிற்சிக் கூடத்தில்தான் பல நிறுவனங்களின் டெக்னீஷியன்கள் ஒன்றாகத் தங்கிச் சாப்பிடுகிறார்கள். எந்தக் கம்பெனி மேலதிக நேரத்துக்குச் சரியாகக் காசு கொடுக்கிறது என்பது அங்கே தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது.

மார்ச் 17

‘நம் ஊர் அனுபவத்தை இங்கே யாரும் மதிப்பதில்லை’ என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார் ஒருவர். மதிப்பவர் கண்ணில் அது படவில்லை என்றுதான் சொல்வேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கரூர் பக்கம் புகளூரில் உயர் அழுத்த நேர்மின்சாரத்தைக் கையாளும் எச்விடிசி மின்மாற்று நிலையத்தில் வேலை பார்த்தவர். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட், அங்கிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட். திருச்சூர்த் தொடர், மின்னழுத்தத்தைத் தானே உருவாக்கிக் கட்டுப்படுத்தும் விஎஸ்சி வகை, கேரளப் பக்கம் கொஞ்ச தூரம் தரைக்கடியில் கேபிளாகப் போகிறது. இங்கே வந்த பிறகு அவர் தன் சுயவிவரக் குறிப்பில் ‘துணைமின்நிலையப் பொறியாளர்’ என்று மட்டும் போட்டு, காற்றாலை நிறுவனங்களுக்கே விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் ஜெர்மனி சூட்லிங்க் கட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே காற்றில் எடுக்கும் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோக, சுமார் 700 கிலோமீட்டருக்குத் தரைக்கடியில் 525 கிலோவோல்ட் நேர்மின் கேபிள், 4,000 மெகாவாட். அதுவும் விஎஸ்சி. அந்தத் தொழில்நுட்பத்தைக் கையால் தொட்டு, நிலையத்தை முதன்முதலாக இயக்கிப் பார்க்கும் கமிஷனிங் ராத்திரிகளில் கூட இருந்து பார்த்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவருடைய ஜெர்மன் வகுப்பில் இருந்த ஒரு பிரேசில்காரர்தான், தொகுப்பு நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர், பேச்சுவாக்கில் ‘நீ செய்தது விஎஸ்சியா?’ என்று கேட்டார். பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. நம் தமிழ்க் குழுவில் அவர் பல மாதங்கள் இருந்தார். நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஏனென்றால் எங்களில் யாரும் மின்தொகுப்பில் இல்லை.

ஏப்ரல் 6

லிங்க்ட்இன்னில் எப்படி எழுதுவது என்று கேட்டவருக்கு. ‘பசுமை ஆற்றலில் பேரார்வம் கொண்டவன், தங்கள் நிறுவனத்தில் வாய்ப்பு இருந்தால்’ என்று தொடங்கும் கடிதம் எனக்கும் வருகிறது. பதில் போட ஆசை இருந்தும் எதற்குப் பதில் போடுவது என்று தெரிவதில்லை.

போன மாதம் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் அனுப்பியது வேறு மாதிரி. பிளேடு முனை அரிப்பு பற்றி என்னுடன் வேலை செய்பவர் பேசிய உரையைக் கேட்டுவிட்டு அவருக்கே எழுதியிருக்கிறார். ‘நீங்கள் மழைத்துளியைக் காரணம் சொன்னீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சீசன் நேரத்தில் நாங்கள் பார்த்தது தூசியும் மணலும் தேய்த்த சேதம், பெயின்ட் உரிந்த விதமே வேறு. உங்கள் சோதனைக் கருவியில் மணலை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?’ இவ்வளவுதான் கடிதம். பிளேடு முனை விநாடிக்கு 80, 90 மீட்டர் வேகத்தில் போகிறது, அந்த வேகத்தில் எது மோதினாலும் தேயும். ஆனால் எது மோதுகிறது என்பதைப் பொறுத்துப் பூச்சு மாறும். அந்தக் கேள்வி எங்கள் அறையில் அரை மணி நேரம் ஓடியது. அன்றே அவரோடு பேச நேரம் குறித்துவிட்டார்கள்.

படம் கேட்டால் யோசித்து அனுப்புங்கள். பழைய நிறுவனத்தின் படமோ தரவோ உங்களுடையது அல்ல. வாயால் விவரித்தாலே போதும். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் இந்தச் சிறிய துறையில் அதை அழிக்கவே முடியாது.

ஏப்ரல் 7

‘அப்படியானால் என் வேலையை எதை வைத்துக் காட்டுவது?’ நியாயமான கேள்வி. பொதுவில் கிடக்கும் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கெல்மார்ஷ் என்ற ஆறு டர்பைன் கொண்ட காற்றாலைப் பண்ணையின் பத்து நிமிட ஸ்காடா பதிவுகள், அதாவது டர்பைன்களின் இயக்கத் தரவு, பல வருடத்துக்கு ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் எந்தக் காற்று வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் பவர் கர்வ் போடுங்கள், எந்த டர்பைன் காற்றுக்கு நேராக நிற்கவில்லை என்று கண்டுபிடியுங்கள், எழுதி வெளியிடுங்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பைவேக், அமெரிக்க ஆய்வகத்தின் ஃப்ளோரிஸ் இரண்டும், ஒரு டர்பைன் தனக்குப் பின்னால் நிற்பதன் காற்றை எவ்வளவு குறைக்கிறது என்று கணக்கிடும் திறந்த நிரல்கள். ஓட்டிப் பார்த்துப் பிழை தென்பட்டால் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தெளிவாக எழுதுங்கள். அதைப் படிப்பவர் அந்த நிரலை எழுதியவரேதான். இடையில் எச்ஆர் கிடையாது, விசா கேள்வி கிடையாது, பெயரை எப்படி உச்சரிப்பது என்ற தயக்கமும் கிடையாது. வெளிநாட்டுக்காரருக்கு இதைவிடச் சமமான மேடை வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஜூன் 3

வேலை தேடி வருபவர்களுக்கு ஜெர்மனி தரும் ஆப்பர்ச்சுனிட்டி கார்டு 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஊரிலிருந்தே நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆறு புள்ளி சேர்ந்தால் ஒரு வருடம் வரை இங்கே தங்கி வேலை தேடலாம். வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலை, இரண்டு வாரச் சோதனை வேலை இரண்டுக்கும் அனுமதி உண்டு. செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும்.

அந்தச் சோதனை வேலையை யாரும் கண்டுகொள்வதில்லை. ஜெர்மானியர் காகிதத்தை விடக் கூட இருந்து பார்த்த ஆளை நம்புவார்கள். பத்து விண்ணப்பத்துக்குச் செலவாகும் நேரத்தை ஒரு சிறிய நிறுவனத்தில் இரண்டு வாரம் உட்காரச் செலவிடுங்கள். ஆனால் யாரையும் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள், தயவுசெய்து. ஒரு வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். பழக்கத்தை ஊரில் இருக்கும்போதே தொடங்கலாம், மேலே சொன்ன கிட்ஹப் வேலைக்கு விசா தேவையில்லை.

செப்டம்பர் 29

கண்காட்சி முடிந்தது, இப்போது செலவுக் கணக்குக்கு வருகிறேன். வின்ட் எனர்ஜி ஹாம்பர்க் இரட்டைப்படை வருடங்களில் இங்கே நடக்கும், ஒற்றைப்படை வருடங்களில் ஹூசும் என்ற ஊரில் வேறொரு காற்றாலைக் கண்காட்சி. பெரிய அரங்குகளில் சுற்றிப் பை நிறையப் பேனாவும் சாக்லேட்டும் வாங்கி வருவதற்குக் காசு கொடுக்க வேண்டாம், அதில் கேள்வி கேட்டவரோடு எனக்கு உடன்பாடு. கூட்டம் குறையும் கடைசி நாள் மதியம் போங்கள். ஸ்டால்களில் இருப்பவர்கள் களைத்து, விற்பனைப் பேச்சு தீர்ந்து, மனிதர்களாகப் பேசுவது அப்போதுதான்.

இந்த முறை கியர்பாக்ஸ் ஸ்டால் ஒன்றில் வயதான டென்மார்க்காரர் ஒருவர். என் அட்டையைப் பார்த்து, தமிழ்நாடா என்றார். அடுத்த வார்த்தை ‘கயத்தாறு’. அதுவும் அந்த ‘று’வைச் சரியாகச் சொல்லி. டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் உதவியோடு கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையம் அமைத்த காலத்தில் அங்கே வந்து தங்கியிருந்தாராம். வெயிலையும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் பற்றியே கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் தன்னோடு நின்றிருந்த இளம் பெண்ணை அழைத்து, ‘இவர்கள் ஊரில் ஜூன் தொடங்கினால் செப்டம்பர் வரை காற்று நிற்காது, கியர்பாக்ஸின் உண்மையான சோதனைக்கூடம் அதுதான்’ என்றார். நான் போன வருடங்களில் எழுதிய எந்தச் சுயவிவரக் குறிப்பும் இந்த ஒரு வாக்கியம் அளவுக்கு எனக்காகப் பேசியதில்லை. ராதாபுரத்துத் தம்பி, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் அலுவலக முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், அவருடைய சம்மதத்தோடுதான்.

அக்டோபர் 12

ஒருவருக்கு வேலை போய்விட்டது, பதற்றத்தில் எழுதியிருக்கிறார். நண்பர்களிடம் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது: வேலை முடியப்போகிறது என்று தெரிந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள், தவறினால் உதவித்தொகை ஒரு வாரத்துக்கு நிறுத்தப்படலாம். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் நீட்டும் ஒப்பந்த முறிவுக் காகிதத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். ஆளை நீக்குமுன் நிர்வாகம் அவர்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். நம்மவர்கள் ஊழியர் மன்றத்தைச் சங்கத்துச் சண்டை என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். அந்த நிறுவனத்தில் எந்தப் பிரிவில் ஆள் தேவை என்பது மன்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது.

நவம்பர் 9

தமிழ்க் காற்றாலைப் பொறியாளர் சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாமே என்று ஐந்தாறு பேர் எழுதிவிட்டார்கள். இங்கே சங்கம் பதிய ஏழு பேர் போதும், பதிவு ஒன்றும் கடினமில்லை. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. மொழியைச் சுற்றிக் கூடினால் பொங்கல் நன்றாக நடக்கும், அது வேண்டும், என் பிள்ளைகளுக்கும் வேண்டும். தொழிலுக்கு என்றால் பொருளைச் சுற்றிக் கூடுவோம். ஜெர்மன் காற்றாலைச் சங்கமான பிடபிள்யூஇக்கு வட்டாரக் கிளைகள் இருக்கின்றன, தனிநபரும் உறுப்பினராகலாம். ஜெர்மன் தெரிந்தவர்கள் அங்கேயே போய் உட்காருங்கள். தெரியாதவர்களுக்காக மாதம் ஒருமுறை ஒரு மாலை, ஒரு பொருள், எந்த நாட்டவரும் வரலாம் என்று வைத்துக்கொள்வோம்.

நவம்பர் 16

சரி, தொடங்கிவிடலாம். டிசம்பர் முதல் வியாழன், ஹாம்பர்க்கின் அல்டோனா பகுதியில் ஓர் அறை கேட்டிருக்கிறேன். கடலில் மிதவைமேல் லிடார் என்ற லேசர் கருவியை வைத்துக் காற்றை அளப்பது பற்றி கானா நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார், காப்பீட்டு மதிப்பீட்டாளர் ஒருவரும் மின்தொகுப்பிலிருந்து இருவரும் வருகிறார்கள். நாற்காலி குறைவு, பெயரை முன்கூட்டியே எழுதுங்கள். வரும்போது உங்கள் வேலையில் இப்போது விடை கிடைக்காமல் இருக்கும் கேள்வி ஒன்றைக் கொண்டுவாருங்கள், வேலை விண்ணப்பத்தை அல்ல. தேநீர்ப் பொறுப்பை லூனபுர்க் அக்கா ஏற்றுக்கொண்டார், வடைக்கு இன்னும் ஆள் வேண்டும்.